கார்ன் ஸ்நேக் முட்டையிடக் காத்திருக்கிறீர்களா? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு வகை) எலியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? வால்பக்கம் பருத்திருக்கிறதா? ராத்திரி முழுக்கத் தொட்டியின் மூலை மூலையாக முட்டித் தேடுகிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் வளர்ப்பது தத்தெடுத்த பாம்பு. ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது சினையாக இருப்பது தெரியவந்தபோது கையில் முட்டைப் பெட்டி (பாம்பு உள்ளே போய் முட்டையிடும் பெட்டி) இல்லை, இன்குபேட்டர் (முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டி) இல்லை, பாம்பு பார்க்கும் மருத்துவர் யாரென்றும் தெரியாது. தேடியதில் தகவல் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், அதனால் விலையும் சட்டமும் இங்கிலாந்துக் கணக்கு. பாம்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தப் பாம்பை வீட்டில் வைத்திருப்பதே சட்டவிரோதம். அமெரிக்காவிலும் ஜார்ஜியா மாநிலத்தில் அனுமதி கிடையாது. அங்கே இது காட்டில் இயல்பாக வாழும் பாம்பு. முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

1. சினைதானா என்று உறுதி செய்யுங்கள்

தனியாக வளரும் பெண் பாம்பும் முட்டையிடும். கோழி சேவல் இல்லாமல் முட்டையிடுவதில்லையா, அதேபோலத்தான். அந்த முட்டைகள் பெரும்பாலும் கூமுட்டையாக இருக்கும். அதற்காக இந்த ஏற்பாடுகள் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கூமுட்டை என்றாலும் பாம்பு அதை வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ள முடியாவிட்டால் உயிருக்கு ஆபத்து. இன்னொரு விஷயம், பெண் பாம்பு ஆணின் விந்தைப் பல மாதம் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தத்தெடுத்த பாம்பு என்றால் “இங்கே ஆண் பாம்பே இல்லையே” என்ற கணக்கு செல்லாது.

சினைப்பட்ட பாம்பின் உடம்பின் பின்பாதி தடிக்கும். முழு உடம்பும் சீராகப் பருத்தால் அது கொழுப்பு. சினை என்றால் வாலுக்குச் சற்று முன்பகுதி மட்டும் பருத்து, செதில்களுக்கு நடுவே தோல் எட்டிப் பார்க்கும். பாம்பு உங்கள் கையில் ஊர்ந்து போகும்போது வயிற்றின் கீழ் மணி கோத்ததுபோல வரிசையாக மேடுகள் தட்டுப்படும். விரலால் அழுத்தித் தேடக் கூடாது. பாம்பு தானாக ஊர்ந்து போகட்டும், கையைச் சும்மா வைத்திருங்கள்.

ஒரே ஒரு கட்டி, அதுவும் நாள்கணக்கில் நகராமல் ஓரிடத்திலேயே இருந்தால் அது சினையாக இல்லாமல் மலச்சிக்கலாகவோ கட்டியாகவோ இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பார்த்துவிடுவது நல்லது.

வேண்டுமென்றே இணை சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறைந்தது 3 வயது, 3 அடி நீளம், 300 கிராம் எடை என்பதுதான் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. என்னைக் கேட்டால் 300 கிராமே குறைவு. சின்ன உடம்புக்காரிக்குத்தான் முட்டை சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம்.

2. சட்டை உரித்த தேதியைக் குறித்து வையுங்கள்

இணை சேர்ந்த தேதி தெரிந்தால் அதிலிருந்து சுமார் 30 முதல் 45 நாளில் முட்டை வரும். சில பாம்புகளுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். தேதி தெரியாவிட்டாலும் கவலை இல்லை. அதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று இருக்கிறது.

முட்டையிடுவதற்கு முன் பாம்பு ஒருமுறை சட்டை உரிக்கும். அந்த நாளிலிருந்து 7 முதல் 14 நாளுக்குள் முட்டை வரும். பெரும்பாலும் பத்தாம் நாளை ஒட்டி. கண் பால்போல வெளுத்தால் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உரித்த சட்டை தொட்டியில் கிடப்பதைப் பார்த்ததும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். பின்னால் மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். எடை, கடைசியாகச் சாப்பிட்ட நாள், சாப்பிட்ட எலியின் அளவு, சட்டை உரித்த நாள், தொட்டியின் வெப்பம். சமையலறைத் தராசு போதும், ஆனால் அதைப் பாம்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பாம்பின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவதும், தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும் கட்டாயம். வீட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை.

3. முட்டைப் பெட்டியை உடனே வையுங்கள்

சட்டை உரிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சினை என்று தெரிந்த அன்றே வைத்துவிடுங்கள். பெட்டி சரியில்லை என்று தோன்றினால் பாம்பு முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு இடம் தேடித் திரியும். முட்டை சிக்குவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வெளியிலிருந்து உள்ளே தெரியாத, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். பாம்பு உள்ளே சுருண்டால் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். 5 அல்லது 6 லிட்டர் டப்பா பெரும்பாலும் சரியாக வரும். மூடியிலோ பக்கத்திலோ பாம்பின் பருத்த உடம்பு தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள், இல்லாவிட்டால் வயிற்றைக் கீறிவிடும்.

உள்ளே ஈரமான ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாசி வகை) பாதிக்கு மேல் நிரப்புங்கள். எவ்வளவு ஈரம்? பாசியைக் கைப்பிடியில் எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டாமல், உள்ளங்கை மட்டும் நனைந்தால் பதம் சரி. சொட்டினால் முட்டை கெடும், உலர்ந்திருந்தால் பாம்பு பெட்டியைச் சீண்டாது. பெட்டியை ஹீட் மேட்டின் (சூடேற்றும் விரிப்பு) மேல் வைக்காமல் தொட்டியின் நடுவில் வையுங்கள். பாசி ஒரு மூட்டை 10 பவுண்டுக்குள் கிடைக்கும்.

பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து தண்ணீர்க் கிண்ணம். பெட்டி பிடிக்காத பாம்பு பெரிய கிண்ணத்துக்குள் போய் முட்டையிட்டுவிடும். தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் முட்டை செத்துவிடும். அதனால் இந்த நாட்களில் மட்டும் பாம்பு உள்ளே சுருள முடியாத சின்னக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள்.

4. மருத்துவரை இப்போதே தேடிப் பதிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவமனைகளும் பாம்பு பார்ப்பதில்லை. நான் விடுமுறை வார இறுதியில் போன் செய்த இடத்தில் வரவேற்பில் இருந்தவர் “எங்களிடம் ஊர்வன பார்ப்பவர் திங்கள்கிழமைக்குப் பிறகுதான்” என்று சொல்லிவிட்டார். முட்டை நாள் கிழமை பார்த்து வராது.

ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் இணையதளத்தில் மருத்துவர்களைத் தேடும் வசதி இருக்கிறது. அங்கே உங்கள் பகுதி மருத்துவமனைகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். பாம்புக்கு முட்டை சிக்கினால் நீங்களே அறுவை சிகிச்சை செய்வீர்களா, வேறிடம் அனுப்புவீர்களா? இரவிலும் ஞாயிறிலும் யார் பார்ப்பார்கள்? கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டுமா? இங்கிலாந்தில் எந்த மருத்துவரும் 24 மணி நேர அவசர முதலுதவிக்கு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது தொழில் விதி. ஆனால் முதலுதவி என்றால் வலி குறைப்பது வரைதான். அறுவை சிகிச்சைக்கு அனுபவமுள்ள கை தேவை.

செலவு இடத்துக்கு இடம் மாறும். ஊர்வன மருத்துவரைப் பார்க்கவே 50 முதல் 90 பவுண்டு வரை எதிர்பாருங்கள். நேரம் கடந்த அவசரம் என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. எக்ஸ்ரே, மயக்க மருந்து, அறுவை என்று போனால் ஆயிரத்தைத் தொடலாம். காப்பீடு வைத்திருந்தால் பத்திரத்தை எடுத்து, இனப்பெருக்கம் தொடர்பான சிகிச்சை விலக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே படியுங்கள். நிறைய பத்திரங்களில் விலக்கித்தான் இருக்கும்.

5. முட்டைகளை என்ன செய்வது? முட்டை வருமுன் முடிவெடுங்கள்

ஒரு ஈட்டில் 10 முதல் 30 முட்டை வரை வரும். 20 குஞ்சு பொரித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவோம். கார்ன் ஸ்நேக் பாம்பையே தின்னும் வழக்கம் அபூர்வமாக உண்டு, தவிர ஒன்றாக வைத்தால் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று தெரியாது. எனவே 20 குஞ்சுக்கு 20 தனி டப்பா. ஒவ்வொன்றும் 5, 6 நாளுக்கு ஒரு பிங்கி, அதாவது பிறந்த எலிக்குட்டி, தின்னும். மாதம் 100 பிங்கி. ஒன்று 40 பென்ஸ் என்றாலே 40 பவுண்டு. சாதாரண நிறக் குஞ்சு ஒன்றை 20, 30 பவுண்டுக்கு விற்றால் பெரிய விஷயம். மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகுதான் குஞ்சைக் கைமாற்ற வேண்டும் என்பது நல்ல வழக்கம். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

ஆதரவில்லாமல் காப்பகங்களுக்கு வரும் ஊர்வனவற்றில் கார்ன் ஸ்நேக் மிக அதிகம். இருபது வருஷம் வாழக்கூடிய உயிர் இது. வாங்குபவர் யாரென்று தெரியாமல் 20 குஞ்சுகளை உருவாக்குவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. வேண்டாத முட்டைகளை இட்ட அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நாள் போகப்போக உள்ளே கரு வளரும், அப்புறம் அதைச் செய்வது நியாயமில்லை. நாலைந்து முட்டையை மட்டும் பொரிக்க வைப்பதும் நல்ல வழி.

காகித வேலை இதுதான்:

கார்ன் ஸ்நேக் ‘சைட்டீஸ்’ (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இல்லை. ஆபத்தான விலங்கு உரிமமும் தேவையில்லை. சும்மா வளர்க்க எந்தப் பத்திரமும் வேண்டாம்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பாம்புக்கு வாங்கிய அனுமதி 20 குஞ்சுக்குச் செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விலங்கு விற்பனையைத் தொழிலாகச் செய்தால் 2018 விதிகளின்படி உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். வீட்டில் மிஞ்சிய குஞ்சுகளை எப்போதாவது கொடுப்பது பொதுவாகத் தொழிலாகக் கருதப்படாது. லாப நோக்கம், எத்தனை முறை விற்கிறீர்கள், வருஷ வருமானம் 1,000 பவுண்டைத் தாண்டுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். வரவு செலவை எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைச் சேமித்து வையுங்கள். இந்த விதிகள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு.

16 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது. தபாலில் அனுப்பக் கூடாது. வெளியே விட்டால் 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

6. இன்குபேட்டரை முன்பே ஓட்டிப் பாருங்கள்

கடையில் வாங்கினால் 100 பவுண்டுக்கு மேல் போகும். நானே செய்தது மீன் கடையில் இலவசமாகக் கிடைத்த தெர்மோகோல் பெட்டி, ஒரு ஹீட் மேட், ஒரு தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ஒரு டிஜிட்டல் வெப்பமானி. எல்லாம் சேர்த்து 60, 70 பவுண்டுக்குள் முடியும். தெர்மோஸ்டாட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாமல் ஹீட் மேட்டை ஓடவிட்டால் முட்டை அவிந்துவிடும்.

இலக்கு 28 டிகிரி செல்சியஸ். ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால் நாள் கூடும், அவ்வளவுதான். கூடுவதுதான் ஆபத்து: 32ஐத் தாண்டினால் குஞ்சு ஊனமாகும் அல்லது சாகும். சட்டை உரித்த அன்றே இன்குபேட்டரைப் போட்டுவிட்டு மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பத்தைக் குறித்துப் பாருங்கள். சென்சார் முட்டை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் மேல்மூலையில் வைத்தால் வேறு கணக்குக் காட்டும்.

இன்குபேட்டர் சூடேற்றும், குளிரவைக்காது. மே, ஜூனில் இட்ட முட்டை ஜூலை முழுக்க உள்ளே இருக்கும். இங்கிலாந்தில் 2022 ஜூலையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. மாடி அறை, பரண் எல்லாம் வேண்டாம். கீழ்த்தளத்தில் வெயில் படாத அறையாகப் பாருங்கள்.

முட்டை டப்பாவுக்கு வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்). எடைக்கு எடை தண்ணீர் கலந்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. காத்திருக்கும் நாட்களில் பாம்பை விட்டுவிடுங்கள்

சினைக் காலத்தின் தொடக்கத்தில் சாப்பிட்டால் வழக்கத்தைவிடச் சின்ன எலி கொடுங்கள். சட்டை உரித்தபின் பெரும்பாலும் தொடாது. மறுபடி மறுபடி காட்டித் தொந்தரவு செய்ய வேண்டாம். தூக்காதீர்கள். விருந்தினருக்குக் காட்டுவதற்காக எடுக்கவே எடுக்காதீர்கள். தண்ணீரை மாற்றுவது, பாசியின் ஈரத்தைப் பார்ப்பது, இரண்டும் போதும். அது இரவெல்லாம் அலைவதும் பாசியை வாரி இறைப்பதும் இடம் பார்க்கும் வேலைதான். பயப்பட வேண்டாம்.

8. முட்டையிடும் நாள்

ஒருநாள் காலையில் அது பெட்டிக்குள் போய் வெளியே வராமல் இருக்கும். மூடியைத் திறக்காதீர்கள். நடுவில் தொந்தரவு செய்தால் சில பாம்பு நிறுத்திவிடும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் எல்லாம் முடியும். ஒரு நாள் வரைகூட இழுக்கும்.

முடிந்தது என்பதைப் பாம்பின் உடம்பைப் பார்த்தே சொல்லலாம். முதுகெலும்பு மேடு தெரியும், இரண்டு பக்கமும் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும். நல்ல முட்டை வெள்ளையாக, கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றே குறைவாக, தோல்போல மெத்தென்று இருக்கும். வந்த புதிதில் ஈரமாகப் பளபளக்கும், காயக் காய மங்கும். கூமுட்டை சிறியது, மஞ்சள் நிறம், மெழுகு உருண்டை மாதிரி.

பாம்பை மெல்ல எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கார்ன் ஸ்நேக் அடைகாக்காது, முட்டையை எடுத்தால் அதற்கு நஷ்டமில்லை. முட்டையை எடுக்குமுன் ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே கரு மூழ்கிவிடும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், கொத்தாகவே எடுத்து வெர்மிகுலைட்டில் பாதி புதையும்படி வையுங்கள்.

9. எப்போது காத்திருப்பதை நிறுத்த வேண்டும்?

சில முட்டை இட்டுவிட்டு நிறுத்திவிட்டது, வயிற்றில் இன்னும் மேடு தெரிகிறது, ஒரு நாள் கடந்துவிட்டது என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இரண்டு நாள் விடாதீர்கள். முக்கி முக்கி ஒன்றும் வராமல் இருப்பது, வால் துவாரத்திலிருந்து சதை வெளியே துருத்துவது, பாம்பு துவண்டு கிடப்பது ஆகியவை தெரிந்தால் மணி பார்க்காமல் அப்போதே கிளம்புங்கள். சட்டை உரித்து மூன்று வாரம் ஆகியும் ஒரு முட்டைகூட வரவில்லை என்றாலும் காட்டிவிட வேண்டும்.

விரலால் முட்டையைத் தள்ளிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால், முட்டைக்குழாய் கிழிந்தால் பாம்பு பிழைக்காது. மருத்துவர் ஊசியால் முட்டையின் உள்ளிருப்பதை உறிஞ்சிச் சுருங்கவைத்து எடுப்பார், அல்லது அறுத்து எடுப்பார். இரண்டும் வீட்டில் செய்கிற வேலை இல்லை. போகும்போது துணிப்பையில் பாம்பு, அந்த நோட்டு, இட்ட முட்டைகளின் எண்ணிக்கை இவற்றோடு போங்கள். பையைக் கதகதப்பாக வையுங்கள்.

10. பொரிக்கும்வரை

28 டிகிரியில் 55 முதல் 65 நாள். வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து காற்று மாற்றுங்கள். மூடியில் சேரும் நீர்த்துளி முட்டைமேல் சொட்டக் கூடாது, துடைத்துவிடுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டுமானால் டப்பாவின் ஓரமாக ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இருட்டறையில் சின்ன டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரியாவிட்டால் உடனே எறியாதீர்கள். முட்டை அமுங்கி, பூஞ்சை படர்ந்து, நாறினால்தான் எடுக்க வேண்டும். கடைசி ஒன்றிரண்டு வாரத்தில் நல்ல முட்டையும் குழி விழும், அது இயல்பு.

குஞ்சு ஓட்டைக் கீறி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள்கூட உள்ளேயே இருக்கும். மஞ்சள் கருவின் மிச்சம் உடம்பில் சேர வேண்டும். இழுத்துவிடாதீர்கள். வெளியே வந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும். அதற்குப் பிறகுதான் முதல் பிங்கி.

11. தாய்க்கு

முட்டையிட்ட மறுநாள் வெதுவெதுப்பான ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, தொட்டியையும் சுத்தம் செய்யுங்கள். முட்டை வாடை இருந்தால் அது சாப்பிடாமல் தேடிக்கொண்டிருக்கும். முதலில் சின்ன எலி, செரித்ததும் அடுத்தது, பழைய எடை வரும்வரை அடிக்கடி. எடையை வாரம் ஒருமுறை நோட்டில் ஏற்றுங்கள். முட்டைப் பெட்டியைக் கழுவிப் பரணில் போட்டுவிட வேண்டாம். சேமித்த விந்தை வைத்தே ஆறு, எட்டு வாரத்தில் சில பாம்புகள் இரண்டாம் ஈடும் போடும். மறுபடி கண் வெளுத்துச் சட்டை உரித்தால் புதுப் பாசி போட்டுப் பெட்டியைத் தொட்டிக்குள் வைத்துவிடுங்கள்.